திசை இல்லாத மரம்

1870களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் நிலம் எடுத்துக் கோதுமை விதைக்கப் போனவர்களுக்கு, கண்ணில் பட்ட காடு பெரிய தொல்லையாக இல்லை. அங்கே நின்றவை மாலீ எனப்படும் யூக்கலிப்டஸ் மரங்கள். ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். பெரும்பாலானவை 10 மீட்டர் உயரத்தைத் தாண்டாது. வெட்டிச் சாய்த்து எரித்துவிடலாம். எரித்த பிறகு ஏரைப் பூட்டியபோதுதான் சங்கதி புரிந்தது. ஒவ்வொரு மரமும் மண்ணுக்குள் ஒரு பெருங்கட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தது. கொழு அதில் மோதியதும் முறிந்தது. தோண்டி எடுக்கப் போனால் ஒரு கட்டைக்கே ஒரு பொழுது போனது.

1876இல் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் செய்த கலப்பையில் ஒவ்வொரு கொழுவும் கீல் வைத்துத் தனித்தனியே மாட்டப்பட்டிருந்தது. கட்டையைத் தொட்டதும் அந்தக் கொழு மட்டும் மேலேறிக் கடந்து, மறுபுறம் மண்ணில் இறங்கிக்கொள்ளும். கட்டையை உடைக்க முடியாது, தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒரு வட்டாரமே ஒப்புக்கொண்டதன் சின்னம் அந்தக் கலப்பை. மெல்ல மெல்லத் தோண்டி எடுக்கப்பட்ட கட்டைகள் அடிலெய்டுக்கும் மெல்பர்னுக்கும் விறகாகப் போயின. நின்று எரியும், நெடுநேரம் சூடு தரும் விறகு. அன்று அடுப்புக்குப் போனதை இன்று மரக்கடைசல்காரர்கள் கிலோக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள், கிண்ணம் கடைவதற்காக.

அந்தக் கட்டை மரத்துக்கு வந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. மாலீ நாற்று முளைத்துச் சில மாதங்களிலேயே, விதையிலைகளின் கக்கத்தில் இரண்டு சிறு வீக்கங்கள் தோன்றும். அவை பருத்துத் தண்டைச் சுற்றி ஒன்றாகி, மண்ணுக்குள் இறங்கும். உள்ளே மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கும்; அதைவிட முக்கியமாக, உறங்கும் மொட்டுகள் ஏராளமாக இருக்கும். காட்டுத்தீ வந்து மேலே உள்ள அத்தனையையும் கருக்கிப் போட்டால், இந்த மொட்டுகள் விழித்துப் புதுத் தண்டுகளாகக் கிளம்பும். நம் ஊரில் தைலமரத் தோப்பை வெட்டியபின் மறுதாம்பு விடுகிறோமே, அதுவும் வெட்டிய அடிக்கட்டையில் உறங்கிக்கிடந்த மொட்டுகள் விழிப்பதுதான். நீலகிரிக்கு 1840களில் வந்திறங்கிய இந்த மரக் குடும்பம், தீயோடு வாழ்ந்து பழகிய குணத்தையும் கூடவே கொண்டுவந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மீலப் மாலீ என்ற ஒரு மரக்கூட்டம் இருக்கிறது. எல்லாத் தண்டுகளும் ஒரே தாவரத்தின் பகுதிகள். அதன் வயது 6,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தண்டுகள் வந்து போகும். கட்டை இருந்துகொண்டே இருக்கும்.

மற்ற மரங்களில் இதுபோன்ற கழலை தண்டின் மேலேயே புடைத்து வரும். ஆங்கிலத்தில் பர்ல் என்கிறார்கள். ஏதோ ஓர் அடி, பூச்சிக் கடி, பூஞ்சை அல்லது வேறொரு தொந்தரவு மொட்டுத் திசுவைத் தூண்டிவிட, அது கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. குறிப்பிட்ட ஒரு மரத்தில் தூண்டியது எது என்று பெரும்பாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு வகையிலும் உள்ளமைப்பு ஒன்றுதான். ஆயிரக்கணக்கான மொட்டுகள், ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக்கொண்டு வளைந்து, நெளிந்து, மடங்கிச் செல்லும் நார்கள். மொட்டைக் குறுக்கே அறுத்தால் நடுவில் புள்ளி வைத்த கண்ணாகத் தெரியும்; நெடுக்கே அறுத்தால் முள்ளாகத் தெரியும்.

இந்தக் கண்களுக்கு மயங்கியவர்கள் நாம் மட்டும் இல்லை. ரோமானியச் செல்வந்தர்கள் வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைப் பக்கம் வளர்ந்த ஓர் ஊசியிலை மரத்தின் வேர்க்கழலையில் மேசைப் பலகை செய்துகொண்டார்கள். சிசரோ அப்படி ஒரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்ததாக மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். ஒரு ரோமானியப் படைவீரன் பல நூறு ஆண்டுகள் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது. புலிக்கோடு, சிறுத்தைப் புள்ளி, மயிற்பீலிக் கண் என்று தரம் பிரித்து விலை வைத்தார்களாம். மொரோக்கோவின் எசவீராவில் அதே மரத்தின் கழலையில் இன்றும் பெட்டிகள் செய்து விற்கிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் மேசர் என்ற மதுக்கிண்ணத்தை மேப்பிள் கழலையில் மெல்லிய சுவராகக் கடைந்து, வெள்ளி விளிம்பு கட்டினார்கள். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பிர்ச் கழலையைக் குடைந்து குக்சா என்ற கோப்பை செய்கிறார்கள். அழகு இதற்கெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என்னவென்றால், கழலைக் கிண்ணம் பிளக்காது.

ஏன் பிளக்காது என்பதைப் பார்க்கும் முன் கடினம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மரத்தின் கடினத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது ஜான்கா சோதனை. கேப்ரியல் ஜான்கா என்ற ஆஸ்திரிய மர ஆய்வாளர் 1906இல் முன்வைத்தது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை அதன் பாதி அளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறோம். அந்த விட்டம் தற்செயலாக வந்ததில்லை. பாதி இறங்கிய குண்டு பதிக்கும் வட்டத்தின் பரப்பு சரியாக 1 சதுர சென்டிமீட்டர். தேக்கு சுமார் 480 கிலோ எடைக்குச் சமமான விசையில் இடம் கொடுக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாராவுக்குச் சுமார் 840 கிலோ. பல மாலீ இனங்கள் ஜாராவையும் மிஞ்சும். புலோக் என்ற இன்னோர் ஆஸ்திரேலிய மரத்துக்குச் சுமார் 2,300 கிலோ என்று குறித்து, உலகின் மிகக் கடின மரம் என முதலிடத்தில் போடுவது வழக்கம். அது நம் கடற்கரைச் சவுக்கின் நெருங்கிய உறவு.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மரச் செல்லின் சுவர் எல்லா மரங்களிலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான்: செல்லுலோஸ், அரைச்செல்லுலோஸ், லிக்னின். அந்தச் சுவரின் அடர்த்தியும் எங்கும் தண்ணீரைப்போல் சுமார் 1.5 மடங்கு. அதாவது எந்த மரத்திலும் சுவர் மட்டும் என்றால் தண்ணீரில் மூழ்கிவிடும். பால்சா மிதப்பதும் மாலீ மூழ்கும் நிலைக்கு நெருங்குவதும், உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்பதைப் பொறுத்தவை. அடர்த்தி இரு மடங்கானால் கடினம் சுமார் நான்கு மடங்காகிறது. ஆக, கடின மரம் என்றால் ஓட்டை குறைந்த மரம்.

ஆனால் லேத்தின் முன்னால் நிற்பவருக்கு ஜான்கா எண் பாதிக் கதைதான் சொல்கிறது. குண்டு அழுத்துகிறது; உளி வெட்டுகிறது. அழுத்துவதற்குத் திசை பெரிதாக வேண்டாம். வெட்டுக்குத் திசைதான் எல்லாம்.

நேர்நார் மரம் ஒரு கட்டு ஈர்க்குச்சி போன்றது. கட்டைக் குறுக்கே முறிப்பது கடினம். குச்சிகளைப் பக்கவாட்டில் பிரிப்பது எளிது. நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் தாங்கும் பலம், குறுக்கே இழுத்தால் தாங்குவதைப் போல் 20 மடங்குக்கு மேல். அதனால்தான் விறகைக் கோடாலியால் பிளக்க முடிகிறது. அதனால்தான் நேர்நார் மரத்தில் செய்த கிண்ணம் ஒரு நாள் நார் வழியே விரிகிறது. கழலையில் நார்கள் எல்லாத் திசையிலும் போகின்றன. ஒரு விரிசல் கிளம்பினால், சில மில்லிமீட்டர் போவதற்குள் குறுக்கே ஒரு நார்க்கூட்டம் வந்து மறித்துவிடும். மரத்தின் பலவீனமான திசை எது என்று விரிசலுக்குத் தெரியாமல் போகிறது. கோடாலிக்கும் தெரியாது. உளிக்கும் தெரியாது என்பதுதான் கடைசல்காரரின் கஷ்டம்.

சாதாரணக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையாக அறுத்த மரத்தைச் சுழற்றும்போது, ஒரு சுற்றில் உளி இரண்டு முறை நாரின் நெடுக்கத்தையும் இரண்டு முறை நாரின் முனையையும் சந்திக்கும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 40 முறை மரத்தின் குணம் மாறுகிறது. இருந்தாலும் அந்த மாற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்பக்கத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் வெட்டினால், வெட்டுப்படும் நாருக்குப் பின்னால் இன்னொரு நார் முட்டுக் கொடுத்து நிற்கும்; சிராய் கிளம்பாது. கடைசல் பழகுபவர் முதலில் கற்கும் விதி இது. கழலையில் இந்த விதி உதவாது. ஒரே சுற்றில் பல பத்து முறை நார் திரும்புகிறது. எந்தப் பக்கமிருந்து வெட்டினாலும் பாதி இடத்தில் நாருக்கு எதிராகத்தான் வெட்டுகிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? திசையை நம்ப முடியாதபோது முனையைத்தான் நம்ப வேண்டும். யூக்கலிப்டஸ் நார் ஒன்று சுமார் 1 மில்லிமீட்டர் நீளம். அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். உளியின் முனை அதைவிட வெகு கூராக இருந்தால் நாரை இருந்த இடத்திலேயே அறுக்கும். மழுங்கி, நாரின் தடிமன் அளவுக்கே உருண்டுவிட்டால், அறுக்காமல் தள்ளும். தள்ளப்பட்ட நார் வளைந்து, பக்கத்து நாரை இழுத்துக்கொண்டு, முனைக்குக் கீழே உள்ள ஆழத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். மேற்பரப்பில் குழி விழும். அந்தக் குழியை உப்புத்தாளால் தேய்த்துப் போக்க நினைத்தால் ஒரு பொழுது போய்விடும்.

கடைசல்காரர்கள் கிண்ணத்துக்குப் பயன்படுத்துவது குழி உளி. உருண்டைக் கம்பியில் வாய்க்கால் போட்டு, நுனியை 45 முதல் 60 பாகை வரை சாய்வாகச் சாணை பிடித்தது. அந்தச் சாய்வுப் பரப்பு வெட்டிய மரத்தின் மேல் லேசாக உரசியபடி வர வேண்டும். முனை அதற்கு முன்னால் மெல்லிய சீவலை எடுக்க வேண்டும். சாய்வு மரத்தில் படிந்திருக்கும்வரை முனை தன் இஷ்டத்துக்கு உள்ளே பாயாது. முனையைச் சுழலும் மரத்துக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சரித்துப் பிடித்தால் வெட்டு இன்னும் சுத்தமாகும். சரிக்கும்போது நார் முனையைக் குறுக்காகக் கடக்கிறது. நாரின் பார்வையில் முனையின் கோணம் மேலும் கூராகிவிடுகிறது. கத்தியை அழுத்தாமல் இழுத்து நறுக்குவதில் உள்ள அதே வடிவியல்.

முனை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அடுத்த சிக்கல். மரம் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். எஃகு அதைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். உராய்வில் பிறக்கும் சூடு போவதற்கு முனையைத் தவிர வேறு வழி இல்லை. பழைய கார்பன் எஃகு உளி 200 பாகை செல்சியஸைத் தாண்டியதுமே பதம் இழக்கத் தொடங்கிவிடும். இதை மாற்றியது மர வேலை உலகம் இல்லை, இரும்பு உலகம். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நுனி சிவந்து கனன்றபடியே இரும்பைச் சீவிக் காட்டியது. அதன் வழித்தோன்றலான எம்2 என்ற எஃகுதான் இன்றைய பெரும்பாலான கடைசல் உளிகள். டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் கலந்தது; 500 பாகையைத் தாண்டியும் பதம் போகாது. வனேடியத்தைக் கூட்டி, உலோகத் தூளை அழுத்திச் செய்யும் எஃகுகளும் வந்துவிட்டன. டங்ஸ்டன் கார்பைடு வில்லையைக் கம்பி நுனியில் திருகி வைத்த உளிகளும் உண்டு. அவை நீண்ட நேரம் உழைக்கும், பழகவும் எளிது. ஆனால் அவை சுரண்டுமே தவிர, நல்ல கையில் உள்ள குழி உளி அறுப்பதுபோல் அறுக்காது. கழலையின் கடைசி வெட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாலீ கட்டையில் மரத்தைத் தவிர வேறொரு பகையும் ஒளிந்திருக்கிறது. அது மண்ணுக்குள் வளர்ந்தது. மடிப்புகளில் மணலையும் சிறு கற்களையும் விழுங்கிக்கொண்டே பருத்திருக்கும். ஒரு குவார்ட்ஸ் மணி போதும், புதிதாகத் தீட்டிய முனையில் பல் விழ. இருட்டான பட்டறையில் கடைந்தால் பொறி பறப்பதைக்கூடப் பார்க்கலாம். அழுத்த நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் இண்டு இடுக்கெல்லாம் தோண்டிய பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும். அப்படியும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சாணைக்கு நடக்க வேண்டித்தான் இருக்கும். கடினக் கழலை கடைபவர்கள் சாணைச் சக்கரத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது சோம்பலால் இல்லை. நடை தூரமானால், இன்னும் ஒரு வெட்டு தாங்கும் என்று மனம் பேரம் பேசத் தொடங்கும்.

இனி லேத்தில் ஏற்றுவோம். 8 கிலோ எடையுள்ள, உருண்டையும் இல்லாத சதுரமும் இல்லாத ஒரு கட்டை. அதன் எடைமையம் சுழலும் அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 500 சுற்றில், சுமார் 22 கிலோ எடைக்குச் சமமான விசை லேத்தை ஒவ்வொரு பக்கமாக மாறி மாறி இழுக்கும், நொடிக்கு எட்டு முறைக்கு மேல். சுற்றை 1,000 ஆக்கினால் விசை இரு மடங்காகாது. நான்கு மடங்காகி 90 கிலோவை நெருங்கும். பெஞ்சு நடக்க ஆரம்பிப்பது இப்படித்தான். அதனால் முதலில் இரு முனைகளுக்கு நடுவே கட்டையைப் பிடித்து, கையால் சுற்றிவிட்டு, எந்தப் பக்கம் கனத்துக் கீழே வந்து நிற்கிறது என்று பார்த்து, மையத்தை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்கிறார்கள். வேகத்தை ஆகக் குறைவில் வைத்து வெளிப்பக்கத்தை உருட்டியபின், அடியில் வட்டமான சிறு மேடை ஒன்றைக் கடைந்துகொண்டு, அதை நான்கு தாடைச் சக்கில் கவ்வச் செய்கிறார்கள்.

வேகத்துக்குக் கடைசல்காரர்களிடையே ஒரு வழக்குக் கணக்கு உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று. விரிசலும் பட்டை மடிப்பும் உள்ள கழலைக்குக் கீழ் எல்லையிலேயே நிற்பது நல்லது. காரணத்தைக் கணக்கே சொல்லும். 30 சென்டிமீட்டர் விட்டக் கிண்ணம் 1,000 சுற்றில் ஓடும்போது விளிம்பு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே உள்ள 50 கிராம் துண்டைப் பிடித்து வைக்க 8 கிலோவுக்கு மேற்பட்ட விசை தேவை. அந்த விசையைத் தருவது அதைச் சுற்றியுள்ள மரம் மட்டுமே. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டை மடிப்பு ஓடியிருந்தால் பிடி விட்டுவிடும். துண்டு அதே வேகத்தில் முகத்தை நோக்கி வரும். மூக்குக்கண்ணாடி இதற்குப் போதாது. நெற்றி முதல் தாடை வரை மறைக்கும் பாலிகார்பனேட் முகமூடி வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

மெதுவாகச் சுற்றுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் முழுத் திறனையும் 500 சுற்றில் கொடுத்தால், 30 சென்டிமீட்டர் கிண்ணத்தின் விளிம்பில் அது தள்ளும் விசை சுமார் 14 கிலோதான். கடினக் கழலையில் கொஞ்சம் தடித்த சீவல் எடுத்தாலே லேத் நின்றுவிடும். வேகத்தை மின்னணுக் கருவியால் மட்டும் குறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மோட்டாரின் முறுக்குவிசை அப்படியே இருக்க, சுற்று குறையக் குறையத் திறனும் குறையும். பெல்ட்டை மோட்டார் பக்கம் சிறிய கப்பிக்கு மாற்றினால்தான் முறுக்கு கூடும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு, லேத்துக்குச் சக்தி இல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய.

உளியை எங்கே தாங்கிப் பிடிக்கிறோம் என்பதும் நெம்புகோல் கணக்குதான். தாங்கு கட்டையிலிருந்து முனை 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. கை 40 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. முனை ஒரு முடிச்சில் மாட்டி 80 கிலோ விசையில் கீழே இழுத்தால் கைக்கு வருவது 10 கிலோ, சமாளிக்கலாம். கிண்ணத்தின் ஆழத்துக்குப் போகப் போக நீட்டம் 20 சென்டிமீட்டராகிவிட்டால் அதே மாட்டல் கையில் 40 கிலோவாக வந்து அடிக்கும். உள்வளைவோடு ஒட்டிப் போகும் வளைந்த தாங்கு கட்டைகளைப் பயன்படுத்துவதும், ஆழக் கிண்ணங்களுக்குக் கைப்பிடியை நீளமாக வைப்பதும் இதனால்தான்.

சுவர் மெலியத் தொடங்கும்போது வேறொரு விதி ஆட்சிக்கு வருகிறது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டரில் உறுதியாக நின்ற விளிம்பு 6 மில்லிமீட்டரில் உளிக்கு வளைந்து கொடுத்து, திரும்பி வந்து அடித்து, கீச்சென்று கத்தும். மேற்பரப்பில் அலை அலையாகத் தடம் விழும். ஆகவே விளிம்பை முதலில் இறுதித் தடிமனுக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, ஓரிரு விரற்கடை அளவாக உள்ளே இறங்க வேண்டும், நடுவில் உள்ள கனமான மரம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே. கீழே இறங்கியபின் மீண்டும் விளிம்புக்கு வந்து ஒரு சீவல் எடுக்கலாம் என்ற ஆசை பல கிண்ணங்களின் உயிரைக் குடித்திருக்கிறது. மரத்துக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு, விளிம்பு அதற்குள் வட்டம் இழந்திருக்கும்.

மரம் நெளிவது ஈரம் போகும்போதுதான் மிக அதிகம். பச்சை மரத்தில் செல்லின் நடுவே உள்ள நீர் முதலில் போகும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வந்து, செல்சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கியதும் சுருக்கம் ஆரம்பிக்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், ஆரத் திசையில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு. நாரின் நீளத்தில் ஏறக்குறைய சுருக்கமே இல்லை. நேர்நார்க் கிண்ணம் உலர்ந்ததும் முட்டை வடிவாகிவிடுவது இந்த வேறுபாட்டால்தான். அதற்காகச் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு முரட்டுத்தனமாகக் கடைந்து, மெழுகு பூசி மாதக்கணக்கில் உலர வைத்து, எடை குறைவது நின்றபின் மறுபடி ஏற்றிக் கடைகிறார்கள். கழலையில் மொத்த வடிவம் அதிகம் கோணாது. திசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு கண்ணும் தன் போக்கில் சுருங்குவதால் மேற்பரப்பு அம்மைத் தழும்பு விழுந்த தோல்போல் மேடுபள்ளமாகும். சிலர் பச்சையிலேயே காகிதம்போல் மெல்லியதாகக் கடைந்து, இந்த மேடுபள்ளத்தையே அழகாக விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததும் அந்த வகைதான்.

மாலீயிலும் ஜாராவிலும் விரிசல்களில் செந்நிறப் பிசின் உறைந்து கிடக்கும். நம் வேங்கை மரத்தைக் கீறினால் இரத்தம்போல் வடியுமே, அந்த வகைப் பிசின். காயத்தை அடைக்க மரம் சுரந்தது. கடையும்போது அது நொறுங்கி உதிரும். பள்ளத்தையும் விரிசலையும் நிறுத்த மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை விடுகிறார்கள். ஹேரி கூவர் என்ற வேதியியலாளர் 1942இல் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது எதிர்ப்பட்டது இந்தப் பொருள். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது கைவிட்டார். காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தின் சிறு துளியே அதை இறுக்கிவிடும். பருத்தித் துணியில் பட்டால் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே எதிர்வினை மிக வேகமாகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடு கிளம்பும். பருத்திக் கையுறையோடு இந்தப் பசையைத் தொடுவது வெறும் கையால் தொடுவதைவிட ஆபத்து. சுழலும் லேத்தின் அருகே எந்தக் கையுறையும் ஆகாது என்பது தனி.

உப்புத்தாள் வேலை மென்மையானதுபோல் தோன்றும். கழலையின் கண்கள் ஒரு கடினம், இடைப்பட்ட மரம் வேறு கடினம் என்பதால், அழுத்தித் தேய்த்தால் மென்மையான இடம் மட்டும் தாழ்ந்துவிடும். ஒரே இடத்தில் தாளை நிறுத்தினால் சூட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும். அடர்ந்த மரத்தில் அவை நன்றாகவே தெரியும். தூள் இன்னும் மோசம். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் முதல் பிரிவில் 1995இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்று. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது தூளுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். நுண்துகள் வடிகட்டும் சுவாசக் கவசமும் தூளை உறிஞ்சும் கருவியும் வேண்டும்.

கழலையின் விலை ஏறியதற்கு இன்னொரு முகமும் உண்டு. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரப் பூங்காக்களில், ஆயிரம் ஆண்டு தாண்டிய மரங்களின் அடிக்கழலையை இரவில் சங்கிலி ரம்பத்தால் அறுத்துக் கடத்தினார்கள். 2014இல் அங்கே ஒரு சாலையையே இரவு நேரத்தில் மூட வேண்டியதாயிற்று. அந்த மரத்துக்கும் அடிக்கழலைதான் மறுபிறவிக்கான மொட்டுக் கிடங்கு; அறுத்த காயம் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழையும். வயல் திருத்தும்போது ஏற்கெனவே கிளறி எடுத்துக் குவித்த மாலீ கட்டையில் கடைவதற்கும் நிற்கும் மரத்தை அறுப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கடைசியாக எண்ணெய். தேய்த்து முடித்த கழலையில் எண்ணெய் பட்டதும் கண்கள் விழிக்கும். நார்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றுவதால், மேற்பரப்பில் சிதறிக்கொண்டிருந்த ஒளி உள்ளே இறங்கி, ஒவ்வொரு நார்க்கூட்டத்தின் சாய்வுக்கு ஏற்பத் திரும்பி வருகிறது. கிண்ணத்தைச் சற்றுத் திருப்பினால் இருண்ட இடம் ஒளிரும், ஒளிர்ந்த இடம் இருளும். தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ இதற்கு ஆகாது. அவை இறுகாமல் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெயிலும் வால்நட் எண்ணெயிலும் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். காற்றின் ஆக்சிஜன் அவற்றைப் பற்றிக்கொண்டு மூலக்கூறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, சில வாரங்களில் கெட்டிப் படலமாக்கிவிடும். அந்தக் கோப்பு வெப்பத்தை வெளியிடும் எதிர்வினை. கிண்ணத்தின் மேல் அந்த வெப்பம் பரவிப் போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் போக வழியின்றி உள்ளேயே சேர்ந்து, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். சீவலும் தூளும் குவிந்த பட்டறையில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. துணியை விரித்துக் கொடியில் தனியாகக் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே.